ஒரு கட்டுரைக்கு ஐந்து ரூபாய்: சிறு இணைய இதழ்கள் தனிக் கட்டுரைக்குக் கட்டணம் வாங்க முழுமையான வழிகாட்டி

தமிழில் ஒரு நல்ல நீண்ட கட்டுரை எப்படிப் பரவுகிறது என்று பாருங்கள். யாரோ ஒருவர் வாட்ஸப் குழுவில் இணைப்பைப் போடுகிறார். குழுவில் பலர் தட்டித் திறக்கிறார்கள். அந்தத் தளத்தின் பெயரையே அவர்களில் பாதிப் பேர் முன்பு கேள்விப்பட்டதில்லை. நான்கு பத்தி போனதும் 'ஆண்டுச் சந்தா ₹999' என்று ஒரு பலகை குறுக்கே வந்து நிற்கிறது. ஒரே ஒரு கட்டுரைக்காக யார் வருடச் சந்தா கட்டுவார்கள்? மூடிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஐந்து ரூபாய் கேட்டிருந்தால் அவர்களில் சிலராவது கொடுத்திருப்பார்கள்.

அச்சு இதழ்களில் தனி இதழ் விலை என்று ஒன்று உண்டு. கடையில் தொங்குவதை ஒரு தடவை வாங்கிப் பார்த்துவிட்டு, பிடித்தால் சந்தா கட்டலாம். இணையத்துக்கு வந்தபோது சந்தா மட்டும்தான் வந்து சேர்ந்தது. தனி விலையைத் திரும்பக் கொண்டுவர இப்போது இந்தியாவில் எல்லா வசதியும் இருக்கிறது. சொந்தமாகத் தளம் நடத்தும் எழுத்தாளர்களும், இரண்டு மூன்று பேர் சேர்ந்து நடத்தும் சிறு இதழ்களும் அதை எப்படிச் செய்யலாம் என்பதைத்தான் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன். எழுதுகிறவர்களுக்குக் காசு போய்ச் சேர வேண்டும் என்ற கவலை உள்ளவர்கள் பொறுமையாகப் படியுங்கள்.

படி 1: முதலில் கணக்குப் போடுங்கள்

சிறு தொகை வாங்கும் யோசனை புதிதல்ல. இணையப் பக்கங்களைப் பரிமாறும் விதிமுறையான எச்டிடிபியின் 1997-இல் வந்த 1.1 வரையறையிலேயே, 404 என்ற பிழை எண்ணுக்குப் பக்கத்தில், 'கட்டணம் தேவை' என்ற பொருளில் 402 என்ற எண்ணை எதிர்காலத்துக்கென்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். அந்த எதிர்காலம் வராமல் போனதற்கு முக்கியமான காரணம் கார்டு கட்டணம். அமெரிக்காவில் ஸ்ட்ரைப் என்ற பணப் பரிமாற்ற நிறுவனம் வழியாகக் கார்டில் பணம் வாங்கினால், வழக்கமான கட்டணம் 2.9 சதவீதமும் அதோடு 30 சென்டும். ஒரு கட்டுரைக்கு 25 சென்ட் விலை வைத்தால் கட்டணமே 30 சென்டைத் தாண்டிவிடும். விற்க விற்க நஷ்டம்.

யூபிஐயில் அந்த நிலையான தொகை கிடையாது. 2020 ஜனவரி 1 முதல் யூபிஐக்கு எம்டிஆர், அதாவது வணிகரிடம் வங்கிகள் பிடிக்கும் கழிவு, பூஜ்யம் என்று அரசு வைத்துவிட்டது. வாசகர் ஐந்து ரூபாய் அனுப்பினால் ஐந்து ரூபாயும் வந்து சேரும். தளத்தில் பணம் வாங்கித் தரும் இடைநிலைச் சேவையான பேமென்ட் கேட்வே வைத்தால் அந்த நிறுவனம் தன் சேவைக்காகச் சுமார் 2 சதவீதம் எடுக்கும், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. ஐந்து ரூபாயில் இது 12 பைசாவுக்குப் பக்கம். ₹4.88 உங்கள் கைக்கு வரும். இந்தக் கணக்கு கட்டுபடியாகும்.

ஆனால் கட்டணம் குறைந்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு கட்டுரைக்கும் 'இது ஐந்து ரூபாய் பெறுமா?' என்று யோசிக்க வைத்தால் வாசகர் களைத்துப் போவார். காசைவிட அந்தத் தயக்கம்தான் பெரிய தடை. இனி வரும் படிகள் எல்லாமே அந்தத் தயக்கத்தைக் குறைப்பதற்குத்தான்.

படி 2: எதை விற்பது

செய்தியை விற்காதீர்கள். மழை நிலவரமும் தேர்தல் முடிவும் பத்து இடங்களில் இலவசமாகக் கிடைக்கும். நெதர்லாந்தில் 2014-இல் தொடங்கிய பிளெண்டில் என்ற நிறுவனம், நாட்டின் பெரிய நாளிதழ்களையும் வார இதழ்களையும் ஒரே இடத்தில் சேர்த்துக் கட்டுரை கட்டுரையாக விற்றது. நியூயார்க் டைம்ஸ் நிறுவனமும் ஜெர்மனியின் ஆக்செல் ஸ்பிரிங்கரும் அதில் முதலீடு செய்தன. அங்கே வாசகர்கள் காசு கொடுத்து வாங்கியது ஆழமான அலசல்களையும், நீண்ட நேர்காணல்களையும், நல்ல கருத்துக் கட்டுரைகளையும்தான். அன்றாடச் செய்திக்கு யாரும் காசு தர விரும்பவில்லை.

தமிழில் இதற்கு இணையானவை எவை? பல நாள் களத்தில் அலைந்து எழுதிய கட்டுரை, ஓர் ஊரின் கோயில், ஏரி, நில வரலாறு, வேறு எங்கும் வராத நேர்காணல், ஒரு பயிரை விதை முதல் சந்தை வரை விளக்கும் கட்டுரை, பட்டா மாறுதல் போன்ற விஷயங்களில் அனுபவப்பட்டவர் எழுதும் வழிகாட்டி. இவற்றில் மாதம் நான்கு இருந்தாலே தொடங்கலாம். மற்றதெல்லாம் இலவசமாகவே இருக்கட்டும். இலவசமாகப் படித்துப் பழகிய தளத்தில்தான் வாசகர் முதல் ஐந்து ரூபாயைக் கொடுப்பார்.

பிளெண்டிலின் பிற்பகுதியையும் சொல்லிவிட வேண்டும். 2019-இல் அது தனிக் கட்டுரை விற்பனையை நிறுத்திவிட்டு மாதச் சந்தாவுக்கு முழுதாக மாறிவிட்டது. ஆகவே தனிக் கட்டுரை வருமானத்தை மட்டும் நம்பி இதழ் நடத்த முடியும் என்று நினைக்காதீர்கள். சந்தா கட்டத் தயாராக இல்லாதவரைத் திருப்பி அனுப்பாமல் உள்ளே அழைக்க ஒரு சிறிய வாசல் இது. அந்த அளவுக்கு இதை நம்பலாம்.

படி 3: விலை

எல்லாக் கட்டுரைக்கும் ஒரே விலை வையுங்கள். ஐந்து அல்லது பத்து. கட்டுரைக்குக் கட்டுரை மூன்று, ஏழு, பன்னிரண்டு என்று மாறினால் வாசகர் ஒவ்வொரு தடவையும் எடை போட வேண்டியிருக்கும். கனடாவில் வின்னிபெக் ஃப்ரீ பிரஸ் நாளிதழ் 2015-இல் எல்லாக் கட்டுரைக்கும் ஒரே விலையாக 27 சென்ட் வைத்தது. படித்தது பிடிக்காவிட்டால் அந்தக் காசைத் திரும்பக் கேட்கவும் அனுமதித்தது. நல்ல முன்மாதிரி.

ஒரு ரூபாய் வேண்டாம். ஒரு ரூபாய் அனுப்பவும் ஐம்பது ரூபாய் அனுப்பவும் வாசகருக்கு ஒரே வேலைதான். அந்த வேலையை வாங்கிக்கொண்டு ஒரு ரூபாய் மட்டும் பெறுவது இரு பக்கமும் வீண்.

கூடவே ஒரு உச்சவரம்பு வையுங்கள். ஒரே மாதத்தில் ஐம்பது ரூபாய் செலவழித்துவிட்டால் அந்த மாதம் மீதி எல்லாம் திறந்துவிடும் என்று அறிவியுங்கள். நிறையப் படிப்பவர் தண்டிக்கப்படக் கூடாது.

படி 4: பணம் வாங்கும் வழியைத் தேர்ந்தெடுப்பது

மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது, க்யூஆர் குறியீட்டைப் போட்டுவிட்டு, பணம் அனுப்பியவர் வாட்ஸப்பில் சொன்னதும் நீங்களே கட்டுரையை அனுப்புவது. செலவே இல்லை, இன்றைக்கே தொடங்கலாம். ஆனால் இரவு பதினொரு மணிக்கு ஒருவர் பணம் அனுப்பும்போது நீங்கள் தூங்கிக்கொண்டிருப்பீர்கள். காலையில் அனுப்பும்போது அவருக்குப் படிக்கும் மனநிலை போயிருக்கும். தொகுப்பு, பிடிஎஃப் போன்றவற்றை விற்க இது சரி, உடனே படிக்க வேண்டிய கட்டுரைக்குச் சரிவராது. இந்த வழியில் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: ஸ்கிரீன்ஷாட்டை நம்ப வேண்டாம். போலி ஸ்கிரீன்ஷாட் தயாரிக்கச் செயலிகளே இருக்கின்றன. ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் வரும் 12 இலக்கக் குறிப்பு எண்ணை உங்கள் வங்கிக் கணக்கோடு ஒத்துப் பாருங்கள்.

இரண்டாவது வழி பேமென்ட் கேட்வே. வாசகர் பொத்தானைத் தட்டுகிறார், அவருடைய யூபிஐ செயலி திறக்கிறது, பணம் போனதும் கட்டுரை தானாகத் திறக்கிறது. பதிவு செய்த நிறுவனம் இல்லாத தனிநபருக்கும் பல கேட்வேகள் கணக்குத் தருகின்றன. பான் அட்டை, வங்கிக் கணக்கு, முகவரிச் சான்று கேட்பார்கள். உங்கள் தளத்தில் தொடர்பு முகவரி, விதிமுறைகள், தனியுரிமைக் கொள்கை, பணம் திரும்பத் தரும் கொள்கை ஆகிய பக்கங்கள் இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். இவற்றை முதலிலேயே எழுதிப் போட்டுவிட்டு விண்ணப்பித்தால் அலைச்சல் மிச்சம்.

மூன்றாவது வழிதான் எனக்கு மிகவும் பிடித்தது. வாசகர் ஒரு தடவை ஐம்பது ரூபாய் போடுகிறார். அது உங்கள் தளத்தில் அவர் கணக்கில் இருப்பாக நிற்கிறது. கட்டுரைக்கு ஐந்து ரூபாய் வீதம் அதிலிருந்து கழிகிறது. யூபிஐ செயலிக்குப் போய்வரும் வேலை பத்துக் கட்டுரைக்கு ஒரு தடவைதான். படிப்பதற்கு ஒரே தட்டு போதும். இந்த இருப்பு உங்கள் தளத்தில் மட்டும் செல்லுபடியாகி, ரொக்கமாக எடுக்க முடியாததாக இருந்தால், ரிசர்வ் வங்கி விதிகளில் அது மூடிய வகை முன்பண ஏற்பாடு. அதற்குத் தனி அனுமதி தேவையில்லை. ஆனால் நான்கு இதழ்கள் சேர்ந்து ஒரே பணப்பையை நடத்த ஆசைப்பட்டால் கதை வேறு. அடுத்தவர் தளத்திலும் செல்லும் பணப்பைக்கு ரிசர்வ் வங்கியின் அங்கீகாரம் வேண்டும். நண்பர்கள் பலர் இந்த யோசனையோடு உற்சாகமாகக் கிளம்புவார்கள், முதலில் இதைச் சொல்லிவிடுங்கள்.

இருப்புத் தொகைக்குக் காலாவதி வைக்காதீர்கள். மூன்று மாதத்தில் காலாவதி என்று எழுதினால் அந்த ஐம்பது ரூபாயோடு அந்த வாசகர் உறவும் முடிந்துவிடும்.

தொடங்கும்போது இரண்டாவது வழியை வையுங்கள். அதன் மேலேயே மூன்றாவதையும் கட்டலாம்: '₹5 – இந்தக் கட்டுரை', '₹50 – பத்துக் கட்டுரை' என்று இரண்டு பொத்தான். போதும்.

படி 5: பூட்டு போடுவது

இங்கேதான் பெரும்பாலான தளங்கள் தடுமாறுகின்றன. கட்டுரை முழுவதையும் பக்கத்தில் அனுப்பிவிட்டு, மேலே ஒரு திரையை மட்டும் போட்டு மறைத்தால் அது பூட்டே இல்லை. பிரவுசரின் ரீடர் வசதியை அழுத்தினாலே முழுக் கட்டுரையும் தெரிந்துவிடலாம். இலவசப் பகுதி மட்டும்தான் சர்வரிலிருந்து வெளியே வர வேண்டும். மீதி, பணம் வந்தது உறுதியான பிறகுதான் வர வேண்டும்.

வேர்ட்பிரஸ் தளமாக இருந்தால் இரண்டு ஓட்டைகளைப் பாருங்கள். ஒன்று, புதிய கட்டுரைகளை வாசிப்புச் செயலிகளுக்குத் தானாக அனுப்பும் ஆர்எஸ்எஸ் ஓடை: பூட்டிய கட்டுரையின் முழு வடிவமும் அதில் போய்க்கொண்டிருக்கலாம். அமைப்பில் 'சுருக்கம் மட்டும்' என்று மாற்றுங்கள். இன்னொன்று கேஷ் செருகுநிரல்: காசு கொடுத்தவருக்குத் திறந்த பக்கத்தை அது சேமித்து வைத்துக்கொண்டு அடுத்து வருகிற எல்லோருக்கும் காட்டிவிடும், அல்லது பூட்டிய பக்கத்தைக் காசு கொடுத்தவருக்கே திரும்பக் காட்டும். கட்டணக் கட்டுரைகளை கேஷிலிருந்து விலக்கி வையுங்கள். வேர்ட்பிரஸில் கடை நடத்த உதவும் வூகாமர்ஸ் செருகுநிரலை வைத்துக் கட்டுரையைப் பொருளாக விற்பவர்கள், பணம் கட்டும் பக்கத்தில் அது கேட்கும் வீட்டு முகவரி, ஊர், பின்கோடு எல்லாவற்றையும் நீக்கிவிடுங்கள். ஐந்து ரூபாய்க் கட்டுரைக்கு எதற்கு வீட்டு முகவரி?

படி 6: பணம் போன அந்த ஒரு நிமிடம்

இந்தப் படிக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் கொடுங்கள். வாசகரின் கைப்பேசியில் நடப்பதை மெதுவாக ஓட்டிப் பார்ப்போம். வாட்ஸப்பிலோ ஃபேஸ்புக்கிலோ இணைப்பைத் தட்டுகிறார். ஃபேஸ்புக் தன் செயலிக்குள்ளேயே ஒரு குட்டி பிரவுசரில் உங்கள் பக்கத்தைத் திறக்கிறது. '₹5 செலுத்திப் படிக்க' என்பதைத் தட்டுகிறார். கூகுள் பேயோ போன்பேயோ திறக்கிறது. பின் எண்ணைப் போடுகிறார். பச்சை டிக் வருகிறது. இனி அவர் திரும்பி வர வேண்டும்.

திரும்பி வரும்போது அந்தக் குட்டி பிரவுசர் மூடியிருக்கலாம். அல்லது பக்கம் புதிதாக ஏறி, மறுபடியும் பூட்டோடு நிற்கலாம். ஐந்து ரூபாய் போய்விட்டது, கட்டுரை இல்லை. தொகை சிறியதுதான், ஆனால் ஏமாந்த உணர்வு சிறியதல்ல. அவர் இனி உங்கள் தளத்தில் மட்டுமல்ல, இப்படிக் கேட்கும் எந்தத் தளத்திலும் பணம் கட்டமாட்டார்.

இதைத் தடுக்க, வாசகரின் பிரவுசர் திரும்பி வந்து சொல்வதை நம்பாதீர்கள். பணம் வந்ததும் கேட்வேயின் சர்வர் உங்கள் சர்வருக்கு நேரடியாகத் தகவல் அனுப்பும். இதை வெப்ஹூக் என்பார்கள். அதை இயக்கி, வருகிற தகவல் கேட்வேயிடமிருந்துதான் வருகிறதா என்று அதன் கையொப்பத்தைச் சரிபார்த்து, பிறகு கட்டுரையைத் திறந்துவிடுங்கள். பணம் கட்டப் போவதற்கு முன்பே அந்த வாசகரின் பிரவுசரில் ஆர்டர் எண்ணைச் சேமித்துவிட்டால், அவர் பத்து நிமிடம் கழித்து வந்தாலும் கட்டுரை திறந்தே இருக்கும். கேட்வே பக்கத்தில் அவர் கைப்பேசி எண்ணோ மின்னஞ்சலோ கொடுத்திருந்தால் கட்டுரை இணைப்பை அதற்கும் அனுப்பிவிடுங்கள்.

அதோடு, பூட்டுக்குக் கீழே ஒரு வரி எப்போதும் இருக்கட்டும்: 'பணம் கட்டிவிட்டீர்களா? கட்டுரை திறக்கவில்லையா?' அதைத் தட்டினால் 12 இலக்க எண்ணைக் கேட்டு, பொருந்தினால் உடனே திறக்க வேண்டும்.

சில சமயம் பரிமாற்றம் 'பெண்டிங்' என்று தொங்கும். பணம் கழிந்தும் வணிகருக்கு உறுதி வராமல் போனால், ஐந்து நாளுக்குள் அது தானாகத் திரும்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதுவரை வாசகரைக் காக்க வைக்க வேண்டாம் என்பேன். கட்டுரையைத் திறந்துவிடுங்கள். ஒன்றிரண்டு ஐந்து ரூபாய் போனால் போகட்டும்.

படி 7: பலகையில் என்ன எழுதுவது

முதல் மூன்று நான்கு பத்திகள் இலவசம். அதிலேயே கட்டுரையின் தரம் தெரிய வேண்டும். பரபரப்பாக ஒரு வரியில் நிறுத்திவிட்டுக் காசு கேட்பது சின்னத்திரைத் தொடர் பாணி, அது வேண்டாம். அடுத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று நேராகச் சொல்லுங்கள்: எத்தனை சொற்கள், படிக்க எவ்வளவு நேரம், யாரையெல்லாம் சந்தித்து எழுதியது, எத்தனை படங்கள். விலை பொத்தானிலேயே இருக்கட்டும். அந்த ஐந்து ரூபாயில் எழுதியவருக்கு எவ்வளவு போகிறது என்பதையும் போடுங்கள், தமிழ் வாசகர்கள் இதை மதிப்பார்கள்.

பெயர், மின்னஞ்சல், கடவுச்சொல் எதையும் முதலில் கேட்காதீர்கள். பணம் வந்து கட்டுரை திறந்த பிறகு, கடைசி வரியின் கீழே, 'அடுத்த முறையும் இதே கைப்பேசியில் திறக்க உங்கள் கைப்பேசி எண்ணைச் சேமிக்கவா?' என்று கேட்கலாம்.

யூபிஐ லைட் பற்றி ஒரு வரி சேர்த்தால் நல்லது. 2022-இல் வந்த இந்த வசதியில், சிறு தொகையைச் செயலியிலேயே ஏற்றி வைத்துக்கொண்டு பின் எண் இல்லாமலே செலுத்தலாம். ஒரு பரிமாற்றத்துக்கு ₹1,000 வரை, மொத்த இருப்பு ₹5,000 வரை. வங்கிப் பாஸ்புத்தகத்திலும் ஐந்து ஐந்து ரூபாயாக வரிசை கட்டாது.

படி 8: பிடிக்காவிட்டால் பணம் வாபஸ்

கட்டாயம் கொடுங்கள். பிளெண்டிலில் ஒரே தட்டில் காசைத் திரும்ப வாங்க முடிந்தது, காரணம் மட்டும் சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் காரணங்கள் பதிப்பாசிரியர்களுக்குப் பாடமாயின: தலைப்பில் ஒன்றைச் சொல்லி உள்ளே வேறொன்றை வைத்த கட்டுரைகளும் கிசுகிசு இதழ்களும்தான் அதிகம் திரும்பி வந்தன. உங்கள் தளத்தில் வாபஸ் தொகையை வங்கிக்கு அனுப்புவதைவிட இருப்பில் சேர்ப்பது எளிது. பணத்தைத் திருப்பினாலும் கேட்வே பொதுவாகத் தன் கட்டணத்தைத் திருப்பாது. ஆனாலும் வங்கிக்கே வேண்டும் என்று கேட்பவருக்குக் கொடுத்துவிடுங்கள்.

காசு கொடுத்தவர் இணைப்பை வீட்டாருக்கு அனுப்பினால்? அனுப்பட்டும். ஒரு வாரம் வரை இரண்டு மூன்று பேருக்குத் திறக்கும் பகிர்வு இணைப்பை நீங்களே கொடுங்கள். புதிய வாசகர் வரும் வழி அதுதான்.

படி 9: வெளிநாட்டு வாசகர்கள்

இந்திய வங்கியில் வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்கு உள்ளவர்கள் சிங்கப்பூர், அமீரகம், கனடா, பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா உள்ளிட்ட சில நாடுகளின் கைப்பேசி எண்ணிலேயே யூபிஐ வைத்துக்கொள்ளலாம். உங்கள் கேட்வே அதை ஏற்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இலங்கையில் 2024 பிப்ரவரியில் யூபிஐ தொடங்கியது உண்மைதான், ஆனால் அது இந்தியாவிலிருந்து போகிறவர்கள் அங்குள்ள கடைகளில் செலுத்துவதற்கு. யாழ்ப்பாணத்து வாசகர் உங்களுக்கு அனுப்ப அது உதவாது. அவருக்கும், மலேசியாவில் இந்தியக் கணக்கு இல்லாதவருக்கும் கார்டுதான் வழி. கார்டு என்றால் படி 1-இல் பார்த்த கணக்கு திரும்ப வந்துவிடும். ஆகவே வெளிநாட்டுக் கார்டுக்குத் தனிக் கட்டுரை விற்காதீர்கள், ஐந்து டாலருக்கு ஒரு தொகுப்பு இருப்பு வையுங்கள். இலங்கை வாசகருக்கு ஐந்து டாலர் பெரிய தொகை என்பதை மறக்க வேண்டாம். கடிதம் எழுதிக் கேட்பவருக்கு இலவசமாகத் திறந்துவிடலாம்.

படி 10: வரவு செலவு

இதற்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்குங்கள். சம்பளக் கணக்கில் ஐந்து ஐந்து ரூபாயாக வந்து கலந்தால் பிறகு பிரிக்க முடியாது. வருவது எல்லாம் வருமானம், வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டும். தமிழ்நாட்டில் சேவை வழங்குபவருக்கு ஜிஎஸ்டி பதிவு, ஆண்டு விற்றுமுதல் பொதுவாக ₹20 லட்சத்தைத் தாண்டும்போதுதான் கட்டாயம். வெளிநாட்டுப் பணம் வரத் தொடங்கினால் ஆடிட்டரை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

படி 11: ஒரு மாதம் கழித்து

மூன்று எண்களைப் பாருங்கள்: எத்தனை பேர் பலகையைப் பார்த்தார்கள், எத்தனை பேர் பொத்தானைத் தட்டினார்கள், எத்தனை பேர் பணம் கட்டி முடித்தார்கள். முதல் இரண்டுக்கும் இடையே பெரிய பள்ளம் என்றால் இலவசப் பகுதியோ விலையோ சரியில்லை, முதல் பத்திகளைத் திரும்பப் படியுங்கள். தட்டியவர்கள் நிறைய, முடித்தவர்கள் குறைவு என்றால் கோளாறு படி 6-இல் இருக்கிறது. பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசி ஒன்றை வாங்கி, ஃபேஸ்புக்குக்குள்ளிருந்தே நீங்கள் ஐந்து ரூபாய் கட்டிப் பாருங்கள்.

அப்புறம், ஒரே வாசகர் நான்கைந்து தனிக் கட்டுரை வாங்கியிருந்தால் அவருக்கு ஒரு செய்தி அனுப்புங்கள்: இதுவரை கட்டிய தொகையைக் கழித்துக்கொண்டு மீதியைச் செலுத்தினால் ஆண்டுச் சந்தா. கட்டிய காசு வீணாகவில்லை என்று தெரியும்போது சந்தாவுக்கு வர அவருக்குத் தயக்கம் இருக்காது.